கட்டை கட்டிய ராத்திரிகள்

காலை 7 மணி ஆனால் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் சுத்தியலால் தட்டுகிற மாதிரி ஒரு சத்தம் கிளம்பும். 2020 ஊரடங்கில், அந்தச் சத்தம் தொடங்கின முதல் வாரத்தில், பக்கத்து வீட்டு அம்மா கைப்பிடிச் சுவருக்கு மேல் தலையை நீட்டிக் கேட்டார்: "இன்னாக்கா, மேல ரூம் எடுக்கிறீங்களா? லாக்டவுன்ல கொத்தனாரு எப்படிக் கெடச்சாரு?"

கொத்தனார் இல்லை. என் மகள் ஆடிப் பழகுகிறாள்.

அவளுக்குப் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. நாலு வருஷமாக அங்கே ஒரு ஃபிளமெங்கோ பள்ளியில் ஆட்டம் கற்றுக்கொண்டிருந்தாள். 2020 மார்ச் 25ஆம் தேதி நாடு முழுக்க ஊரடங்கு வந்தது. அதற்கு முந்தின வாரமே லேப்டாப்பையும் ஆட்டத்துக்கான ஷூவையும் பையில் போட்டுக்கொண்டு கோலார் தங்கவயலில் இருக்கிற எங்கள் ராபர்ட்சன்பேட்டைக்கு வந்துவிட்டாள். அந்த ஷூவைக் கையில் எடுத்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும். குதிகாலிலும் முன்நுனியிலும் சின்னச் சின்ன ஆணிகளை நெருக்கமாக அடித்திருக்கிறார்கள். அந்த ஆணித்தலைகள் மரத்தரையில் விழுகிற ஓசைதான் அந்தச் சங்கீதத்தில் பாதி. சிமெண்டுத் தரையில் ஆடினால் முட்டி போய்விடும். அதனால் 4 அடிக்கு 3 அடி பிளைவுட் பலகை ஒன்று வாங்கி, அடியில் பழைய சணல் சாக்கை மடித்துப் போட்டு மாடியில் கிடத்தினோம்.

வகுப்பு போனில் நடந்தது. டீச்சர் ஒரு சின்னக் கட்டத்துக்குள் ஆடினார். சுற்றி 10, 12 கட்டங்களில் பிள்ளைகள். முதல் நாளே ஒரு சங்கடம். ஃபிளமெங்கோவில் ஒருத்தர் ஆடும்போது மற்றவர்கள் சுற்றி நின்று கை தட்ட வேண்டும். அதற்குப் பால்மாஸ் என்று பெயர். வெறும் கைதட்டல் இல்லை, அதுதான் தாளம். போனில் தட்டினால் ஒருவருடைய தட்டு இன்னொருவருக்கு அரை மாத்திரை தள்ளிப் போய்ச் சேருகிறது. 12 பேர் தட்டினால் மழை பெய்கிற சத்தம்தான் கேட்கிறது. டீச்சர் எல்லோருடைய மைக்கையும் அணைத்துவிட்டார். அன்றிலிருந்து ஒவ்வொருத்தியும் தனித்தனி மாடியில், தனித்தனி அறையில், யாருக்கும் கேட்காமல் ஆடினாள்.

"போன்ல கத்துக்கலாம்மா. ஆட முடியாது" என்றாள் மகள். "எதிர்ல யாராச்சும் கை தட்டணும். இல்லன்னா அது எக்சர்சைஸ்."

அவள் சொன்னது எனக்கு உடனே புரிந்தது. புரிந்ததற்குக் காரணம் ஃபிளமெங்கோ இல்லை. எங்கள் தொழிலாளர் லைனில் ஆடின கூத்து.

2020 பிப்ரவரியில் அவள் பள்ளியின் ஆண்டு ஆட்டத்துக்கு நான் பெங்களூர் போயிருந்தேன். நான் பார்த்த முதல் ஃபிளமெங்கோ மேடை. இன்றுவரை அதுவே கடைசி. 200 பேர் உட்காரக்கூடிய அரங்கு. மேடையில் மரப்பலகை பரப்பியிருந்தார்கள். ஒரு நாற்காலியில் கிதார்க்காரர், பக்கத்தில் பாடுகிறவர், அரைவட்டமாகக் கைதட்டுகிற பெண்கள். என் மகள் நடுவில் வந்து நின்றாள். உடனே ஆடவில்லை. பாட்டைக் கேட்டுக்கொண்டு நின்றாள். பாடுகிறவர் ஒரு வரியை இழுத்து, உடைத்து, தொண்டை கிழிகிற இடத்துக்குக் கொண்டுபோனார். அப்போது பின்னாலிருந்து ஒரு பெண் "ஓலே!" என்றாள். அரங்கில் இருந்த பழைய மாணவர்களும் சேர்ந்து கூப்பிட்டார்கள். அந்தக் கூப்பாட்டை வாங்கிக்கொண்டுதான் அவள் கால் கிளம்பியது.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. நாலு வயதில், தாயின் மடியில், மாரிக்குப்பம் பக்கத்து லைனில், விடியற்காலை மூன்று மணிக்கு இதே சிலிர்ப்பு எனக்கு வந்திருக்கிறது. அங்கே "ஓலே" இல்லை. "போடு வாத்தியாரே!" இருந்தது.

ஆட்டம் முடிந்ததும் அது என்ன பாட்டு என்று கேட்டேன். "தாரந்தோ. சுரங்கத் தொழிலாளிங்க பாட்டும்மா" என்றாள். நான் கொஞ்ச நேரம் பேசவில்லை.

ஸ்பெயினின் தென்கிழக்கில், முர்சியா பகுதியில், லா உனியோன் என்று ஒரு ஊர். ஈயமும் வெள்ளியும் துத்தநாகமும் இரும்பும் எடுத்த மலை. 19ஆம் நூற்றாண்டில் பக்கத்து ஆண்டலூசியாவின் அல்மேரியாவிலிருந்து ஜனங்கள் கூட்டம் கூட்டமாக அங்கே சுரங்க வேலைக்கு வந்தார்கள். வரும்போது தங்கள் பாட்டையும் கொண்டுவந்தார்கள். குழிக்குள் இறங்கின பாட்டு வேறு மாதிரி ஆனது. தாரந்தா, மினேரா, கார்த்தகெனேரா என்று தனி வகைகளே உண்டாயின. தாரந்தாவுக்குக் கட்டான தாளம் கிடையாது, மூச்சு போகிற போக்கில் பாடுவது. அதையே தாளத்துக்குள் கொண்டுவந்தால் தாரந்தோ, ஆடலாம். ஃபிளமெங்கோவை வளர்த்த ரோமா மக்களின் முன்னோர் இந்தியாவின் வடமேற்கிலிருந்து போனவர்கள் என்று மொழியாராய்ச்சிக்காரர்கள் சொல்கிறார்கள். அதை வைத்து "அது நம்ம ஆட்டம்தான்" என்று சொந்தம் கொண்டாட எனக்கு விருப்பமில்லை. எனக்குப் பட்ட உறவு அதைவிடக் கிட்டத்தில் இருக்கிறது. பிழைக்க வந்து, மண்ணுக்குள் இறங்கி, மேலே ஏறி வந்து பாடினவர்கள் அவர்கள். எங்கள் ஜனங்களும் அப்படித்தான்.

கோலார் தங்கவயலுக்கு 1880ல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. தோண்டுவதற்கு ஆள் வேண்டியிருந்தது. வட ஆற்காடு, சித்தூர், சேலம் பக்கங்களிலிருந்து பஞ்சம் பிழைக்க வந்தவர்கள் எங்கள் முன்னோர். பெரும்பாலும் சேரி ஜனங்கள். ஊரில் நிலமில்லை, மரியாதையும் இல்லை. என் தாத்தாவின் அப்பா ஆரணிப் பக்கத்திலிருந்து நடந்தே வந்தார் என்று பாட்டி சொல்வாள். கம்பெனி தட்டி வீடு கொடுத்தது. மூங்கில் தட்டிச் சுவர், ஒரே அறை, வரிசை வரிசையாக லைன். அந்தத் தட்டிகளுக்கு நடுவே அவர்கள் வட ஆற்காட்டுக் கூத்தைக் கட்டி நிறுத்தினார்கள்.

1902ல் சிவசமுத்திரத்துக் காவிரியிலிருந்து எங்கள் ஊருக்கு மின்சாரம் வந்தது. பெங்களூர்த் தெருக்களில் விளக்கு எரிவதற்கு 3 வருஷம் முந்தியே இங்கே மின்சாரத்தில் இயந்திரம் ஓடியது. பள்ளிக்கூடத்தில் இதைப் பெருமையோடு சொல்லிக்கொடுப்பார்கள், நானும் டீச்சராகி அப்படியே சொல்லிக்கொடுத்தேன். ஆனால் அந்த வெளிச்சம் லைன் வீடுகளுக்குள் நுழையப் பல காலம் பிடித்தது. என் நினைவில் இருக்கிற கூத்தெல்லாம் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் நடந்தவை. இரண்டு கம்பம், ஒரு பெஞ்சு, இரண்டு விளக்கு. பெஞ்சில் ஆர்மோனியம், மிருதங்கம், டோலக், முகவீணை, தாளம். முன்னால் ஒரு சேலையைத் திரையாகப் பிடிக்க இரண்டு பேர். அவ்வளவுதான் மேடை.

எங்கள் லைன் ஜமாவுக்கு, அதாவது கூத்துக் குழுவுக்கு, ஒரு வாத்தியார் இருந்தார். பகலில் சாம்பியன் ரீஃபில் டிம்பர்மேன். பூமிக்கு அடியில் பாறை சரியாமல் மரம் வைத்து முட்டுக் கொடுக்கிற வேலை. ராத்திரியில் கர்ணன். மரத்தின் குணம் அவர் கைக்குத் தெரியும். கூத்துக்கு வேண்டிய கட்டைகளை அவரே செதுக்கினார். கிரீடம், புஜக்கட்டை, மார்புக்கு ஒரு பலகை, எல்லாம் கல்யாண முருங்கை மரம். பார்த்தால் கனம்போலத் தெரியும், கையில் எடுத்தால் லேசாக இருக்கும். எட்டு மணி நேரம் அதைக் கட்டிக்கொண்டு சுழன்றாட வேண்டும், அதனால்தான் அந்த மரம். மேலே சிவப்பும் பச்சையும் பூசி, ரசக் கண்ணாடித் துண்டுகளை ஒட்டி, ஓரங்களுக்கு ஜிகினாத்தாள் சுற்றுவார். தங்கம் தோண்டுகிற ஆள் அவர். ஷிஃப்டு முடிந்து ஷாஃப்டை விட்டு வெளியே வந்தால் ஒரு பொட்டுத் தங்கம் ஒட்டியிருக்கிறதா என்று உடம்பைத் தடவிச் சோதித்து அனுப்புவார்கள். அந்தக் கை வீட்டுக்கு வந்து, ராஜாவின் கிரீடத்துக்கு ஜிகினாத்தாள் ஒட்டியது. 120 வருஷத்தில் எங்கள் ஊர் கொடுத்த தங்கம் சுமார் 800 டன். எங்கள் கர்ண மகாராஜாவுக்கு அதில் ஒரு குன்றிமணி வந்ததில்லை.

கூத்து ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கும். தொடங்கும்போது பாதிக் கூட்டம்தான் இருக்கும். ரெண்டாம் ஷிஃப்டு ஆட்கள் வரவேண்டும். அவர்களுக்காக வாத்தியார் கதையை நிறுத்தி வைப்பார். கட்டியக்காரன் நீட்டி முழக்கிக்கொண்டிருப்பான். யார் வீட்டுக் கோழி யார் வீட்டில் வெந்தது, எந்த மேஸ்திரி யாரிடம் என்ன வாங்கினார், எல்லாம் மகாபாரதத்துக்குள் வந்துவிடும். ஷிஃப்டு முடிகிற சங்கு ஊதும். கொஞ்ச நேரத்தில் இருட்டிலிருந்து ஆட்கள் வருவார்கள், குளிக்காமல், சாப்பாட்டுத் தூக்கோடு, முகத்தில் பாறைத்தூசியோடு. அவர்கள் உட்கார்ந்த பிறகுதான் திரைக்குப் பின்னால் சலங்கை அதிரும், கர்ணன் குரல் எழும்பும். இந்தப் பக்கம் முகம் முழுக்கத் தூசி பூசிய ஜனம். அந்தப் பக்கம் முகம் முழுக்க அரிதாரம் பூசிய ஜனம். அரிதாரத்துக்குள் இருப்பவரும் நேற்று அதே கேஜில் சுரங்கத்துக்குள் இறங்கினவர்தான்.

ஊரில் இருந்த ஆங்கிலோ இந்தியர்களுக்கு வேறு ராத்திரிகள் இருந்தன. கிறிஸ்துமஸ் சமயத்தில் அவர்கள் ஹாலில் பேண்டு வாத்தியம், ஜோடி ஜோடியாக ஆட்டம். நாங்கள் கம்பிவேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்போம். அழகாகத்தான் இருக்கும். ஆனால் அங்கே பார்க்கிறவர்களுக்கு வேலை கிடையாது. கூத்தில் பார்க்கிறவர்களுக்கும் வேலை உண்டு. சிரிக்க வேண்டும், திட்ட வேண்டும், துச்சாதனன் வந்தால் மண்ணை அள்ளி வீச வேண்டும். தூங்கலாம், ஆனால் சரியான இடத்தில் விழித்துக்கொள்ள வேண்டும். வாத்தியார் ஆடிக்கொண்டே பாய்ப்பக்கம் குனிந்து "இன்னா பாப்பா, தூங்கிட்டியா? கர்ணன் சாவப்போறான், எழுந்திரு" என்று என்னை எழுப்பியது இன்றும் காதில் இருக்கிறது.

ஒரு ராத்திரியைச் சொல்லாமல் இருக்க முடியாது. எனக்கு அப்போது பத்து, பதினொரு வயது இருக்கும். அபிமன்னன் சண்டை நடந்துகொண்டிருந்தது. திடீரென்று தரை தூக்கிப் போட்டது. பெட்ரோமாக்ஸ் இரண்டும் ஊசலாடின. லைன் வீட்டுப் பாத்திரங்கள் உருளுகிற சத்தம். எங்கள் ஊரில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும் அது என்னவென்று. பூமிக்கடியில் எங்கோ பாறை அழுத்தம் தாங்காமல் வெடித்திருக்கிறது. ராக் பர்ஸ்ட். மிருதங்கம் நின்றது. ஒருத்தரும் கத்தவில்லை. எல்லோருக்கும் ஒரே கணக்கு ஓடியது: இப்போது கீழே இருப்பது யார் வீட்டு ஆள்? பிறகு பெண்கள் எழுந்தார்கள், எல்லோரும் ஷாஃப்டைப் பார்த்து ஓடினோம். என் தகப்பனார் அன்று கீழே. வாத்தியாரும் ஜமாவில் இருந்த மற்றவர்களும் வேஷத்தைக் களைய நேரமில்லாமல் அப்படியே ஓடிவந்தார்கள். ஷாஃப்டு கேட்டில் கூட்டத்துக்கு நடுவே முத்துவெள்ளை பூசிய முகங்கள், புஜக்கட்டைகள், கண்ணாடித் துண்டுகளில் தொழிலாளிகளின் தலைவிளக்கு பட்டு மின்னுகிறது. கிரீடத்தைக் கையில் பிடித்துக்கொண்டு துரோணாச்சாரியார் கேஜ் மேலே வருவதற்காகக் காத்து நிற்கிறார். அன்று என் தகப்பனார் ஏறி வந்துவிட்டார். வேறு வீட்டு ஆள் ஒருத்தர் வரவில்லை.

அவருக்குப் பதினாறாம் நாள் கர்ண மோட்சம் வைத்தார்கள். வட ஆற்காட்டு வழக்கம் அது, கருமாதி அன்று ராத்திரி கர்ண மோட்சம் ஆடுவது. போருக்குப் போகிற கர்ணன் பொன்னுருவியிடம் விடை கேட்கிறான். பிராமண வேஷத்தில் வரும் கண்ணன் கேட்க, செய்த புண்ணியத்தையெல்லாம் தாரை வார்க்கிறான். சாகிற நேரத்தில் குந்தி வந்து மகனே என்று மடியில் போட்டு அழுகிறாள். அந்த இடத்தில் செத்தவர் வீட்டுப் பெண்களும் சேர்ந்து அழுவார்கள். எது கூத்து, எது ஒப்பாரி என்று பிரிக்க முடியாது. பிரிக்கவும் வேண்டாம் என்றுதான் அதை வைத்திருக்கிறார்கள்.

1983ல் என் தகப்பனாருக்கும் வைத்தார்கள். அவர் பாறை விழுந்து போகவில்லை. நெஞ்சில் கல்தூசி அடைத்து, இரண்டு வருஷம் மூச்சுக்குத் தவித்துப் போனார். அம்மா பதினைந்து நாள் வாய்விட்டு அழவில்லை. வந்தவர்களுக்குக் காபி போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பதினாறாம் நாள் ராத்திரி கூத்துக்கு எதிரே பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள். கர்ணன் வாத்தியார். குந்தி வேஷம் கட்டியவர் மீசையை மழித்துக்கொண்டு வந்த ஒரு டிராமர், சுரங்கத்தில் வண்டி தள்ளுகிறவர். விடியப்போகிற நேரம். குந்தி முதல் அடி எடுத்தார். அம்மா அவரோடு சேர்ந்து அதே சுருதியில் எடுத்தாள். ஆர்மோனியக்காரர் ஒன்றும் காட்டிக்கொள்ளாமல் அம்மாவின் குரலுக்குப் பெட்டியை இழுத்தார். பின்பாட்டுக்காரர்கள் அம்மா விட்ட இடத்தில் பிடித்தார்கள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கர்ணனாகப் படுத்திருந்த வாத்தியார் அத்தனை நேரமும் கண்ணைத் திறக்கவில்லை.

என் மகள் சொல்கிற பால்மாஸ் எனக்கு ஏன் புரிகிறது என்று இப்போது வாசகர்களுக்கும் புரியும்.

2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டது. அதைப்பற்றி எழுதத் தனியாக ஒரு புத்தகம் வேண்டும். கூத்துக்கு என்ன ஆயிற்று என்பதை மட்டும் சொல்கிறேன். சங்கு நின்றது. சங்கு நின்றதும் ஊருக்குப் பொதுவான நேரம் என்று ஒன்று இல்லாமல் போனது. மாரிக்குப்பத்திலிருந்தும் பங்காருப்பேட்டையிலிருந்தும் பெங்களூருக்குப் போகிற ரயில்தான் புதிய ஷிஃப்டு. ஆயிரக்கணக்கான பேர் விடியுமுன் ரயிலேறி, ராத்திரி ஒன்பது, பத்து மணிக்கு வந்து விழுகிறார்கள். ராத்திரி முழுக்கக் கூத்துப் பார்த்துவிட்டு ஐந்து மணி ரயிலைப் பிடிக்க எந்த உடம்பால் முடியும்? திருவிழாவுக்குக் கூத்து நாலு மணி நேரமாகச் சுருங்கியது. அப்புறம் ரெண்டு மணி நேரம். அப்புறம் அந்தப் பணத்துக்கு ஆர்கெஸ்ட்ரா வந்தது. வாத்தியாரின் ஜமாவில் இருந்தவர்கள் ஓசூருக்கும் பெங்களூருக்கும் காவல் வேலைக்கும் கட்டட வேலைக்கும் போனார்கள். அவர் மட்டும் லைனிலேயே இருந்தார். யாராவது வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தால், குப்பம், குடியாத்தம் பக்கத்து ஜமாக்களோடு சேர்ந்து போய் ஆடிவிட்டு வருவார். எழுபது வயதுக்கு மேலும் கர்ணன்தான்.

லா உனியோனிலும் 1991ல் சுரங்கம் நின்றது. எங்களைப் போலவே அவர்களுக்கும் கழிவு மிஞ்சியது. எங்களுக்குச் சயனைடு கலந்த மணல்மேடுகள், 3 கோடி டன்னுக்கு மேல். காற்றடித்தால் ஊர் முழுக்கப் பறக்கும். அவர்கள் பக்கத்தில் 1957 முதல் 1990 வரை கழிவைக் கடலில் கொட்டி, போர்மான் என்ற விரிகுடாவையே தூர்த்துவிட்டார்கள். ஆனால் ஒரு காரியத்தில் அவர்கள் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். 1961லேயே, பாட்டு மறைந்துபோகிறது என்று தெரிந்த உடனே, சுரங்கப் பாட்டுக்கென்று ஒரு திருவிழா தொடங்கினார்கள். ஊரின் பழைய பொதுச் சந்தைக் கட்டடத்தில், ஒவ்வொரு வருஷமும் ஆகஸ்டு வாக்கில். முதல் பரிசு ஒரு சுரங்க விளக்கு. ஸ்பெயின் முழுவதிலுமிருந்து பாடுகிறவர்கள் அந்த விளக்குக்காக வருகிறார்கள். சுரங்கம் போன பிறகும் பாட்டு போகவில்லை. கொரோனா வந்த 2020ல்தான் அந்தத் திருவிழா நடக்கவில்லை. எங்கள் ஊரில் எத்தனை ஆயிரம் சுரங்க விளக்குகள் இருந்தன. ஒன்றையாவது எடுத்து ஒரு கூத்து வாத்தியார் கையில் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. இந்தக் குறையை நான் இன்னொருவர் மேல் போடமாட்டேன்.

2020லும் 2021லும் நிகழ்ச்சிகள் நின்றுபோனதைப்பற்றி நிறையப் பேர் எழுதினார்கள். சென்னையில் மார்கழிக் கச்சேரிகள் 2020 டிசம்பரில் இணையத்துக்குப் போயின. பாடினவர்களையும் கேட்டவர்களையும் பாராட்டத்தான் வேண்டும். ஸ்பெயினில் ஆட்டக்கூடங்கள் பல மூடிவிட்டன. மாட்ரிட்டில் பேர்பெற்ற காஸா பாதாஸ் திரும்பத் திறக்கப்போவதில்லை என்றே அறிவித்துவிட்டது. கூத்துக்கு விழுந்த அடியைப்பற்றிப் பேச்சு குறைவு. காலத்தைப் பாருங்கள். கூத்துக்காரர்களுக்குப் பங்குனி முதல் ஆடி வரைதான் சம்பாத்தியம். அந்த நாலைந்து மாதத்தில் ஆடி வாங்கின பணம்தான் வருஷம் முழுக்கக் குடும்பத்துக்கு. 2020ல் ஊரடங்கு வந்தது பங்குனியில். 2021ல் இரண்டாம் அலை வந்தது சித்திரையில். இரண்டு வருஷம், இரண்டு பருவம், முழுதாகப் போயிற்று. அரிதாரம் பூசின கைகள் கல் தூக்கவும் காய்கறி வண்டி தள்ளவும் போயின. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் புஞ்சரசந்தாங்கல் என்ற ஊரில் பெருங்கட்டூர் ராஜகோபாலும் ஹன்னே டி புருயினும் 2002 முதல் நடத்திவந்த கட்டைக்கூத்துக் குருகுலம், பிள்ளைகள் தங்கிப் படித்துக் கூத்தும் கற்ற பள்ளிக்கூடம், 2020ல் மூடிவிட்டது. பெண்பிள்ளைகளுக்குக் கட்டை கட்டிவிட்ட பள்ளிக்கூடம் அது. எங்கள் லைனில் நான் கூத்து ஆட வேண்டும் என்று கேட்டபோது அம்மா கையை ஓங்கினாள். அந்தக் குருகுலத்தில் பெண்பிள்ளைகள் கர்ணனும் துரியோதனனும் ஆடினார்கள் என்று கேட்டு நான் சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

2021 மே மாதம் எங்கள் ஊரில் ஒரு காட்சி. 2001ல் சுரங்கத்தோடு மூடப்பட்டுக் கிடந்த மைன்ஸ் ஆஸ்பத்திரி, 800 படுக்கை கொண்டது, என் தகப்பனார் மூச்சுக்குத் தவித்துப் படுத்திருந்த இடம். நூற்றுக்கணக்கான பேர் சேர்ந்து அதன் புதரை வெட்டி, தூசியை அள்ளி, சுவரைக் கழுவி, கொரோனா நோயாளிகளுக்காகத் திறந்தார்கள். 20 வருஷம் பூட்டியிருந்த கதவு ஜனங்கள் கைபட்டால் இரண்டே வாரத்தில் திறக்கும் என்பதைக் கண்ணால் பார்த்தேன்.

அதே மே மாதம் வாத்தியார் போய்விட்டார். கொரோனாதான். வயது எண்பதுக்குக் கொஞ்சம் குறைவு. அப்போதைய விதிப்படி சாவுக்கு ஐந்து பேர்தான் போகலாம். இரண்டு மகன்கள், ஒரு பேரன், இன்னும் இரண்டு பேர். நான் தெருமுனையில் நின்று வண்டி போவதைப் பார்த்தேன். பறை இல்லை, பாட்டு இல்லை. எங்கள் ஊரில் எத்தனை பேருக்கு அவர் கர்ணனாகச் செத்துக் காட்டியிருப்பார் என்று யாரும் கணக்கு வைக்கவில்லை. அவருக்கு ஆட ஒரு கர்ணன் இல்லை.

பதினாறாம் நாள் அவர் வீட்டுத் திண்ணையில் ஆறேழு பேர் முகக்கவசத்தோடு தள்ளித் தள்ளி உட்கார்ந்திருந்தோம். பெரிய மகன் போனில் கர்ண மோட்சம் போட்டார். செய்யாறு பக்கத்து ஜமா ஒன்று எப்போதோ ஆடியதாம். நல்ல ஆட்டம்தான். போனைச் சொம்பில் சாய்த்து வைத்திருந்தார்கள். குந்தி ஓடிவந்தாள், கர்ணன் தலையை மடியில் எடுத்தாள், வாயைத் திறந்தாள். அந்த இடத்தில் சமையல் எண்ணெய் விளம்பரம் வந்தது. அதை நிறுத்த மகன் விரலை வைத்துத் தடவிக்கொண்டே இருந்தார். வாத்தியார் சம்சாரம் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டது. அழுவதற்கு வைத்திருந்த இடம் அது. அந்த அம்மாவுக்கு அது கிடைக்கவில்லை.

மறுநாள் மகன் ஒரு தகரப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். "டீச்சர், லைன் வீடு ஒழுகுது. நாங்க பெங்களூர் போறோம். இத எங்க வைக்கிறது? நீங்க வச்சுக்குங்க" என்றார். திறந்து பார்த்தேன். கிரீடம் ஒன்று, புஜக்கட்டை ஒரு ஜோடி, மார்புப் பலகை, சலங்கை. ஜிகினாத்தாள் நிறம் போயிருக்கிறது. கண்ணாடித் துண்டு நாலைந்து உதிர்ந்திருக்கிறது. மரத்தில் பூச்சி இல்லை. கிரீடத்தின் உள்பக்கம் நெற்றி படுகிற இடம் வியர்வையில் ஊறிக் கறுத்து, வழவழவென்று இருக்கிறது. என் மகள் அந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். தன் ஷூவின் உள்பக்கத்தை எனக்குக் காட்டினாள். அங்கேயும் அதே கறுப்பு.

அவள் பள்ளி மறுபடி மேடை ஏறும். அவளே டிக்கெட் விற்பாள், நான் முதல் வரிசையில் உட்கார்ந்து "ஓலே" சொல்வேன். கூத்துக்கு அப்படிச் சொல்ல ஆள் வேண்டும். கூட்டம் கூட விதித்த தடைகள் போய்விட்டன. வட ஆற்காட்டிலும் குப்பத்திலும் எங்கள் லைன்களிலும் இருக்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: உங்கள் ஊருக்கு வழக்கமாக வருகிற ஜமாவின் வாத்தியாருக்கு இப்போதே போன் பண்ணுங்கள். வெற்றிலை பாக்கோடு அச்சாரத்தையும் இப்போதே கொடுங்கள். இரண்டு மணி நேரம் போதும் என்று சுருக்கச் சொல்லாதீர்கள். கருமாதி வைக்க முடியாமல் போன வீடுகள் கொரோனாவின் அந்த இரண்டு வருஷத்தில் எத்தனையோ. அவர்கள் எல்லோருக்குமாக, ஊருக்கு ஒரு கர்ண மோட்சம், விடிய விடிய வையுங்கள்.

கட்டைகள் எங்கள் வீட்டில் துடைத்து வைத்திருக்கிறேன். எந்த ஜமா கேட்டாலும் கொடுப்பேன். கர்ணன் வேஷத்துக்கு மட்டும்.